பரிவு எப்போது விதியாகிறது? டெல்டா நெல்லை முன்வைத்து ஒரு விளக்கம்

2025 அக்டோபரில் காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவித்துவைத்த நெல் நனைந்தது, சில குவியல்கள் முளைவிட்டன. கொள்முதலுக்கு ஏற்கும் நெல்லின் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக உயர்த்தும்படி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்தன.

அந்த நாட்களில் இரண்டு வாதங்கள் திரும்பத் திரும்பக் கேட்டன. "விவசாயியின் கஷ்டத்தைப் பாருங்கள், ஈரத்தைப் பார்க்காதீர்கள்" என்பது ஒன்று. "இரக்கப்பட்டு ஈர நெல்லை வாங்கினால் கிடங்கில் கெட்டுப்போகும், பொருளாதாரத்தில் உணர்ச்சிக்கு இடம் கிடையாது" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன. விதி முதலில் வரும், பரிவு அதற்குப் பிறகு விலக்குக் கேட்டு வரும் என்று இரண்டு தரப்பும் எண்ணுகின்றன. உண்மையில் 17 என்று எழுதும்போதே, மழை பெய்தால் நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. பரிவு வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

முதலில் மூன்று சொற்கள்

1. ஒத்துணர்வு: இன்னொருவர் நிலையில் தன்னை வைத்து, அவர் படுவதைத் தானும் உணர்வது. இது மனத்தில் நிகழ்வது. இதனால் மட்டும் யாருக்கும் எதுவும் கிடைத்துவிடாது.

2. இரக்கம்: அந்த உணர்வால் ஏதாவது செய்ய முன்வருவது. நிவாரணம், நன்கொடை, சிறப்பு ஆணை எல்லாம் இதில் அடங்கும். கொடுப்பவர் நினைத்தால் கொடுக்கலாம், நினைக்காவிட்டால் விட்டுவிடலாம்.

3. கடப்பாடு: நம் மனம் வருந்தினாலும் வருந்தாவிட்டாலும் செய்தே ஆக வேண்டும் என்று ஏற்றுக்கொள்வது. பெறுபவர் இதை உரிமையாகக் கேட்கலாம்.

முதல் இரண்டையும் சேர்த்துப் பரிவு என்போம். பரிவுக்கும் கடப்பாட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பொருளாதாரத்துக்குள் தெளிவாகக் கொண்டுவந்தவர் அமர்த்தியா சென். 1977-ல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னது இது: பிறர் துன்பம் நம்மை வாட்டுவதால் உதவினால், ஒரு வகையில் நம் வாட்டத்தையும் தீர்த்துக்கொள்கிறோம். நமக்கு எந்த வாட்டமும் இல்லாதபோதும் அநியாயம் என்று கண்டு அதைத் தடுக்க முன்வருவது வேறு வகை. மனிதன் தன் லாபத்தை மட்டுமே கணக்கிடுபவன் என்று வைத்துக்கொள்ளும் பொருளாதாரப் பாடம் இந்த இரண்டாம் வகையைப் பார்க்கத் தவறுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

பரிவை அடித்தளமாக வைத்தால் எங்கே சரிகிறது?

சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆதம் ஸ்மித், அந்தப் பெயரை வாங்கித்தந்த 1776-ஆம் ஆண்டு நூலுக்கு 17 ஆண்டுகள் முன்பே, 1759-ல், அறவுணர்வுகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். அதில் ஒரு சிந்தனைச் சோதனை வருகிறது. சீன தேசம் முழுவதும் நிலநடுக்கத்தில் அழிந்தது என்று கேள்விப்பட்டால் ஐரோப்பாவில் ஒரு நல்ல மனிதர் வருத்தப்படுவார், பிறகு நன்றாகத் தூங்கிவிடுவார். நாளைக்குத் தன் சுண்டுவிரலை இழக்க வேண்டும் என்றால் இன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. அப்படியானால், அந்த விரலைக் காப்பாற்ற அத்தனை கோடி உயிர்களைப் பலிகொடுப்பாரா? மாட்டார். அவரைத் தடுப்பது இளகிய நெஞ்சு மட்டுமென்றால் விரல்தான் வென்றிருக்கும். எந்தப் பக்கமும் சாயாமல் பார்க்கும் ஒரு நடுநிலைப் பார்வையாளர் நம் உள்ளே இருக்கிறார், தடுப்பவர் அவர்தான் என்கிறார் ஸ்மித்.

தூரம் கூடினால் பரிவு தேயும் என்பதைத் தத்துவஞானி டேவிட் ஹியூமும் அவருக்கு முன்பே எழுதியிருந்தார். முகம் தெரிந்த ஒரு நோயாளிக்குப் பணம் குவியும், முகம் தெரியாத பலரைக் காப்பாற்றும் செலவுக்கு யாரும் அசைய மாட்டார்கள் என்பதை 1968-ல் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் எடுத்துக்காட்டினார்.

டெல்டாவின் வரலாறு இதனுடன் இன்னொரு பாடத்தையும் சேர்க்கிறது. பக்கத்தில் இருப்பதால் மட்டும் பரிவு வந்துவிடாது. பண்ணையாள் தினமும் மிராசுதாரின் கண் முன்னால்தான் வேலை செய்தார். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுப்பு, களத்துமேடு என்று ஆண்டு முழுவதும் இருவரும் ஒரே நிலத்தில்தான் நின்றார்கள். ஆனாலும் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறு, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோவதில் முடிந்தது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை மேல்முறையீட்டில் விடுவித்த உயர் நீதிமன்றம், இவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற தொனியில் எழுதியது. பரிவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு அந்த வரியே சாட்சி. தன்னைப் போன்றவரின் நிலையில் தன்னை வைத்துப் பார்ப்பது யாருக்கும் எளிது.

அதன் பிறகு கூலியில் வந்த மாற்றத்துக்குக் காரணம் யாருடைய மனமாற்றமும் அல்ல. கிழக்குத் தஞ்சையில் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்களும், 1969-ல் வந்த விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் அதைக் கொண்டுவந்தன. இன்ன வேலைக்கு இவ்வளவு நெல் என்று எண்ணாகச் சட்டத்தில் ஏறிய பிறகு, அதைப் பெற மிராசுதாரின் நெஞ்சு இளக வேண்டிய தேவை இல்லாமல் போனது.

17 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானியில் நெல்லைப் போட்டுப் பார்க்கிறார்கள். 17-க்கு மேல் காட்டினால் "காயவைத்துக் கொண்டுவாருங்கள்". இந்த வரம்பு அர்த்தமற்றது என்று சொல்பவர்கள் நெல்லை அறியாதவர்கள். நெல் உயிருள்ள விதை. ஈரம் அதிகமானால் குவியலுக்குள்ளேயே மூச்சுவிட்டுச் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி பழுப்பேறும். நீண்ட நாள் சேமிக்க 14 சதவீதம் நல்லது. 17 என்பதே ஓரளவு விட்டுக்கொடுத்த எண்தான். அரவை ஆலை 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பித் தர வேண்டும். ஈர நெல்லில் அந்தக் கணக்கு இடிக்கும்.

ஆனால் விவசாயியின் பக்கத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு கையால் அறுத்து அரி போட்டு, வயலிலேயே காயவிட்டு, கட்டுக் கட்டிக் களத்தில் அடித்தார்கள். நெல் களத்துக்கு வரும்போதே ஈரம் பாதி போயிருக்கும். இப்போது அறுவடை இயந்திரம் நின்ற கதிரை அப்படியே அறுத்து மணியாகக் கொட்டுகிறது. மணி உதிராமல், அரிசி உடையாமல் அறுக்க 20 முதல் 24 சதவீத ஈரம்தான் ஏற்றது. ஆகவே சரியான பருவத்தில் அறுத்த நெல்லும் வரம்புக்கு மேல்தான் வந்து நிற்கும். நல்ல வெயிலில் ஓரிரு நாளில் இறங்கிவிடும். குறுவை அறுவடை நடப்பதோ மழை தொடங்கும் காலத்தில். களங்கள் போதாததால் சாலைகள் களமாகின்றன.

நட்டம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

1. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 78 ÷ 0.83, அதாவது ஏறக்குறைய 94 கிலோ. கூடுதல் தண்ணீர் 6 கிலோ.

2. 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் ஊக்கத்தொகையுடன் சாதா ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. சாதா ரகத்தில் 6 கிலோ தண்ணீரின் விலை 150 ரூபாய்.

3. ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் 60 என்று வைத்தால் 24 குவிண்டால். 22 சதவீத நெல்லை முழு எடைக்கு வாங்கினால் அரசுக்கு ஏக்கருக்குச் சுமார் 3,600 ரூபாய் கூடுதல் சுமை.

4. வாங்காமல் திருப்பி அனுப்பினால் விவசாயி தார்ப்பாய் வாடகை, கிளறிவிடும் கூலி, இரவுக் காவல் எல்லாம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மறுபடி மழை பிடித்து நெல் முளைத்தால் மொத்த மதிப்பான 60,000 ரூபாயில் பெரும்பகுதி போய்விடும். இந்த அச்சத்தில்தான் பலர் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் பல கோடிப் பேர் பகிர்ந்துகொள்ளும் 3,600. மறுபக்கம் ஒரே குடும்பத்தின் மேல் தொங்கும் 60,000. இரண்டில் எதைத் தேர்வது என்று கேட்டால் இறுக்கமான பொருளாதாரமும் முதலாவதைத்தான் சொல்லும். தாங்க முடியாத இடரைத் தாங்கக்கூடியவர்களிடையே பரப்புவது அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. இருப்பவரின் ஆயிரம் ரூபாயும் இல்லாதவரின் ஆயிரம் ரூபாயும் ஒரே அளவு கனம் உடையவை அல்ல என்பது இன்னொன்று. பரிவு இங்கே கணக்குக்கு எதிராக நிற்கவில்லை, கணக்கில் விடுபட்ட வரியை நிரப்புகிறது.

இப்போது உள்ள நடைமுறையின் குறை, அது ஒவ்வொரு முறையும் இரக்கமாகவே வருவது. மாநிலம் கடிதம் எழுத வேண்டும், குழு வர வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், பிறகுதான் ஆணை. 2022 அக்டோபரில் 22 கேட்டு 19 கிடைத்தது. 2023 பிப்ரவரியில் 20 வரை தளர்த்தினார்கள். மழையில் நனைந்த நெல் அவ்வளவு நாள் பொறுக்காது.

எண்ணை மட்டும் தளர்த்தினாலும் சிக்கல் தீராது. ஈர நெல்லைச் சிப்பம் போட்டுத் திறந்தவெளியில் பத்து நாள் அடுக்கிவைத்தால், விவசாயியின் முற்றத்தில் கெட்டிருக்க வேண்டியது அரசின் முற்றத்தில் கெடும். தளர்வுடன் லாரி இயக்கமும் உலர்த்தும் இயந்திரமும் சேர்ந்தே வர வேண்டும். எல்லாக் காலத்திலும் முழு விலை என்றால் வெயில் காலத்திலும் யாரும் காயவைக்க மாட்டார்கள். இதற்கு ஒரு நடுவழி உண்டு. 17-க்கு மேல் ஒவ்வொரு சதவீதப் புள்ளிக்கும் எடையில் சுமார் 1.2 சதவீதம் குறைவதால், புள்ளிக்கு 30 ரூபாய் கழித்து 22 வரை வாங்கலாம். 22-ல் விலை 2,350. பேரிடர் காலத்தில் அந்தக் கழிவை அரசே ஏற்கலாம். நெல் திரும்பிப் போகாது, காயவைப்பவருக்கும் பலன் இருக்கும்.

காப்பீடு: இரண்டரை சென்ட்டில் ஒரு கிராமம்

பயிர்க் காப்பீட்டில் மனம் நொந்து பேசாதவர் டெல்டாவில் குறைவு. "என் வயல் முழுக்க அழுகிவிட்டது, எனக்கு ஏன் இவ்வளவுதான்?" என்ற கேள்விக்குப் பதில் திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லின் மகசூல் இழப்பைக் கணக்கிடும் அலகு கிராமம். ஒரு கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை பார்க்கிறார்கள். நான்கும் சேர்ந்து 100 சதுர மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். ஊரின் மகசூலுக்கு முக்கிய அடிப்படை அந்தச் சராசரிதான். கடந்த 7 ஆண்டுகளில் நல்ல 5 ஆண்டுகளின் சராசரியை இழப்பீட்டு அளவால் (70, 80 அல்லது 90 சதவீதம்) பெருக்கினால் கிடைப்பது உத்தரவாத மகசூல். இந்த ஆண்டு அதற்குக் கீழே எத்தனை சதவீதம் குறைந்ததோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் கிடைக்கும்.

அடிக்கடி மூழ்கும் ஒரு கடைமடைக் கிராமத்தை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். ஏழு ஆண்டு மகசூல் ஏக்கருக்கு 2400, 2300, 1200, 2200, 900, 1400, 2300 கிலோ. நல்ல ஐந்தின் சராசரி 2120. 80 சதவீதம் என்றால் உத்தரவாதம் 1696. இந்த ஆண்டு 1500 கிலோ விளைந்தது. ஊரின் நல்ல விளைச்சலான 2300-உடன் ஒப்பிட்டால் இழப்பு 35 சதவீதம். திட்டத்தின் கணக்கில் அது 11.6 சதவீதம்தான். ஏக்கருக்கு 38,000 காப்பீட்டுத் தொகை என்றால் சுமார் 4,400 ரூபாய். சம்பாவுக்கான 1.5 சதவீதப் பிரிமியமாக விவசாயி கட்டியது 570.

அந்த 4,400, முழுவதும் அழுகிய பள்ளத்து வயலுக்கும் தப்பித்த மேட்டு வயலுக்கும் ஒன்றுதான். மேலும், மூன்று ஆண்டு அடிவாங்கிய ஊரில் ஒரு மோசமான ஆண்டாவது "நல்ல ஐந்துக்குள்" வந்துவிடுகிறது. அதனால் அதிகம் பாதிக்கப்படும் ஊருக்கே உத்தரவாதம் தாழ்ந்துபோகிறது.

இதைக் கல்நெஞ்சு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒவ்வொரு வயலாக மதிப்பிட்டால் செலவு பிரிமியத்தை விழுங்கும், மதிப்பிடுபவரின் கையில் மிதமிஞ்சிய அதிகாரம் சேரும். எப்படியும் பணம் வரும் என்று பயிரைக் கவனிக்காமல் விடும் வாய்ப்பையும் கிராம அலகு தடுக்கிறது. என்னுடைய கருத்தில், அலகை உடைப்பதைவிட மாற்றக்கூடிய பகுதிகள் இரண்டு உண்டு. அறுவடைப் பரிசோதனைத் திடல்களில் பள்ளத்து வயலுக்கும் மேட்டு வயலுக்கும் அவற்றின் பரப்பு விகிதப்படி இடம் ஒதுக்குவது ஒன்று. பேரிடர் என்று அரசே அறிவித்த ஆண்டுகளை உத்தரவாதக் கணக்கிலிருந்து விலக்குவது மற்றொன்று. இரண்டாவதால் பிரிமியம் ஏறும். அந்த ஏற்றத்தை யார் தாங்குவது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நெறிமுறையில் பாசனப் பயிருக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் எக்டேருக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு எக்டேர். ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880. யாருடைய கைக்குப் போகிறது என்பது, நில உடைமையைக் காட்டும் சிட்டாவும் சாகுபடியைக் காட்டும் அடங்கலும் யார் பெயரைச் சொல்கின்றன என்பதைப் பொறுத்தது.

டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலம் என்று குத்தகையில் ஓடும் பரப்பு பெரிது. அதில் பல வாய்மொழிக் குத்தகை. குத்தகையைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் குத்தகைதாரருக்கு நிலத்தில் உரிமை உறுதியாகும் என்பதால் உடைமையாளர் தயங்குகிறார். வற்புறுத்தினால் நிலம் போய்விடும் என்று சாகுபடி செய்பவரும் அமைதியாக இருக்கிறார். விளைவு, விதையும் உரமும் உழவுக் கூலியும் போட்டவர் ஒருவர், நிவாரணம் வாங்குபவர் இன்னொருவர். 2021-ல் அறிவித்த 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் இதே வழியில்தான் ஓடியது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லாமல் நகையை அடகு வைத்தவருக்கும் தனியாரிடம் வட்டிக்கு வாங்கியவருக்கும் தள்ளுபடி செய்ய எதுவும் இல்லை.

கூலித் தொழிலாளர் இதற்கும் வெளியே நிற்கிறார். மூழ்கிய வயல் என்றால் அவருக்குக் களையெடுப்பும் அறுப்பும் சுமையும் இல்லாத வாரங்கள். 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிச் சென் நிறுவியது இந்த இடத்துக்குப் பொருந்தும். நாட்டில் நெல் இருந்தபோதும் அதை வாங்கும் வழி அறுந்துபோனவர்களே செத்தார்கள், அவர்களில் நிலமற்ற கூலிகள் மிகுதி. தமிழ்நாட்டில் அந்த அளவு ஆபத்து இல்லாததற்கு ரேஷன் கடை முக்கியக் காரணம். வருமானச் சான்று கேட்டுச் சலிக்காமல், அரிசி அட்டை உள்ள எல்லோருக்கும் அரிசி என்ற முறையில், முகம் பார்க்காமல் கொடுக்கும் கடப்பாடு அது. ஆனால் அரிசி கிடைப்பதால் போன கூலி திரும்பாது. பயிர்ச் சேதப் படிவத்தில் ஏக்கர் கேட்கும் கட்டம் இருக்கிறது, இழந்த வேலைநாள் கேட்கும் கட்டம் இல்லை.

இன்னும் பிறக்காதவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. இலவச மின்சாரம் இன்றைய விவசாயியின் மேல் உள்ள பரிவு. கட்டணம் இல்லாத மோட்டார் அளவில்லாமல் இறைக்கும்போது, கடலோர நாகையிலும் வேதாரண்யம் பக்கத்திலும் நன்னீர் இருந்த இடத்தை உப்புநீர் பிடிக்கிறது. பிறக்கப்போகிறவர்களுக்காகக் கொள்முதல் நிலைய வாசலில் மறியல் செய்ய யாரும் வர மாட்டார்கள்.

அடுத்த ஆணைக்கு முன் எழுதவேண்டியவை

1. மழையளவை வைத்துத் தானாக இயங்கும் தளர்வு. வட்ட மழைமானியில் குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட அளவு தாண்டினால் அந்த வட்டத்தில் மறுநாளே ஈரப்பத வரம்பு உயர வேண்டும், மழை விட்ட சில நாட்களில் தானாகப் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். கடிதமும் குழுவும் பிறகு தணிக்கைக்கு வரட்டும்.

2. உயரும் வரம்புக்கு ஏற்ற உலர்த்தும் திறன். ஒரு நிலையத்தில் நாளொன்றுக்கு 1,000 சிப்பம் என்றால் 40 டன். 22-லிருந்து 17-க்கு இறக்க அதிலிருந்து ஏறக்குறைய 2.4 டன் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எத்தனை இயந்திரம் என்பதை இந்த எண்ணிலிருந்து தொடங்கித் திட்டமிட வேண்டும்.

3. உடைமைப் பதிவிலிருந்து பிரித்த சாகுபடிப் பதிவு. நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டும் செல்லும், குத்தகை உரிமை வழக்குக்குச் சான்றாகாது என்று எழுதினால் உடைமையாளரின் அச்சம் குறையும். குத்தகைதாரர் சங்கங்கள் இதை எதிர்க்க நியாயம் உண்டு, 1969 சட்டம் தந்த பிடி தளரும் என்பார்கள். பழைய உரிமையைத் தொடாமல் புதிய பதிவைக் கூட்டலாகவே வைப்பதுதான் ஒத்துக்கொள்ளக்கூடிய வழி.

4. சேதக் கணக்கெடுப்பில் தொழிலாளர் வேலைநாள். ஒரு ஏக்கர் சம்பா எந்தெந்த வேலையில் எத்தனை ஆள்நாள் கொடுக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூழ்கிய பரப்பால் அதைப் பெருக்கினால் ஊர் இழந்த கூலி வந்துவிடும்.

இவற்றில் மூன்றாவதுக்குக் காலக்கெடு மிக நெருக்கம். சம்பா காப்பீட்டுப் பதிவு வழக்கமாக நவம்பர் நடுவில் முடிகிறது, அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் வேண்டும். நடவு முடிந்து மழை வலுப்பதற்குள் அவர் வயலுக்குப் போய், ஏர் ஓட்டியவர் யார் என்று பார்த்துப் பெயரை எழுதினால்தான் ஜனவரியில் வரும் எந்தத் தொகையும் சரியான கைக்குப் போய்ச் சேரும்.